ரேம் ஓவர்கிளாக்: வேகத்தை அளப்பதும் பிழையைத் தேடுவதும்

40 ஜிபி புகைப்படத் தொகுப்பு ஒன்றை 7-ஜிப்பில் சுருக்கி முடித்துவிட்டு, வழக்கம்போல் சரிபார்க்கும் பொத்தானை அழுத்தினேன். இரண்டு கோப்புகளில் சிஆர்சி பிழை, அதாவது விரித்த தரவு அசலோடு பொருந்தவில்லை. மறுபடி சுருக்கினேன், இந்த முறை பிழை வேறொரு கோப்பில். டிஸ்க் கெட்டிருந்தால் அதே கோப்பில்தானே திரும்பத் திரும்ப அடிபடும்? இடம் மாறிக்கொண்டே இருந்தால் சந்தேகம் ரேம் பக்கம் போக வேண்டும். அதற்கு மூன்று வாரம் முன்புதான் ரேமை ஓவர்கிளாக் செய்திருந்தேன், அதாவது பெட்டியில் போட்ட வேகத்துக்கு மேல் ஓடவிட்டிருந்தேன். ஒரு மணி நேரச் சோதனையில் ஒரு பிழையும் வராததால் போதும் என்று விட்டுவிட்டேன். கணினி ஒருமுறைகூட உறையவில்லை, நீலத்திரை வரவில்லை. அந்த மூன்று வாரமும் அது சத்தமில்லாமல் தப்பான பிட்களை எழுதிக்கொண்டிருந்தது. அசல் படங்கள் வெளி டிஸ்க்கில் பத்திரமாக இருந்ததால் எதையும் இழக்கவில்லை.

அதன்பிறகு ரேமைச் சோதிக்கும் முறையையே மாற்றிக்கொண்டேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன். என்னிடம் இருப்பது ரைசன் 5 5600எக்ஸ், பி550 மதர்போர்டு, 8 ஜிபி ரேம் குச்சிகள் இரண்டு. டிடிஆர்4-3200, சிஎல்16 என்று பெட்டியில் போட்டிருந்தது. உங்களுடையது வேறாக இருந்தாலும் வரிசை இதேதான்.

முதலில் எண்களைப் புரிந்துகொள்ளுங்கள். டிடிஆர்4-3200 என்பதில் உள்ள 3200, நொடிக்கு எத்தனை மில்லியன் பரிமாற்றம் என்பது. கடிகாரம் ஓடுவது 1600 மெகாஹெர்ட்ஸில். ஒரு துடிப்புக்கு இரண்டு பரிமாற்றம். சிபியு-இசட் என்ற மென்பொருள் 1600 என்று காட்டினால் பாதி வேகம் போய்விட்டதோ என்று பதற வேண்டாம். ரேமுக்கும் சிபியுவுக்கும் இடையிலான பாதைதான் சேனல்; ஒன்றின் அகலம் 8 பைட். ஆக 3200-ஐ 8-ஆல் பெருக்கினால் நொடிக்கு 25.6 ஜிபி, இரண்டு சேனலுக்கு 51.2 ஜிபி. இதுதான் உச்சவரம்பு. அளந்து பார்த்தால் இதற்குக் கொஞ்சம் கீழேதான் வரும்.

சிஎல் என்பது, கேட்ட தரவு வரத் தொடங்க எத்தனை துடிப்பு ஆகும் என்ற எண். அதைத் தனியாகப் பார்த்துப் பயனில்லை. சிஎல்லை 2000-ஆல் பெருக்கி வேகத்தால் வகுத்தால் நானோநொடி கிடைக்கும். 3200-இல் சிஎல்16 என்றால் 10 நானோநொடி. 3600-இல் சிஎல்18 என்றாலும் அதே 10. டிடிஆர்5-6000-இல் சிஎல்30, அதுவும் 10. சிஎல்30 என்றதும் மெதுவான ரேம் என்று ஒதுக்கிவிடுபவர்களைப் பார்க்கும்போது இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுக்கத் தோன்றும்.

அடுத்து, குச்சிகள் சரியான இடத்தில் இருக்கின்றனவா? நான்கு இடங்கள் உள்ள மதர்போர்டில் இரண்டு குச்சி போடுவதாக இருந்தால், பெரும்பாலும் சிபியுவிலிருந்து எண்ணி இரண்டாவதும் நான்காவதும். மதர்போர்டின் கையேட்டில் படமே இருக்கும். முதல் இரண்டு இடங்களில் செருகினால் ஒற்றைச் சேனலில் ஓடி, அலைவரிசையில் (நொடிக்குக் கடத்தும் தரவின் அளவில்) பாதி காணாமல் போய்விடும். இதைச் சரிசெய்யாமல் எந்த டைமிங்கை (சிஎல் போன்ற காத்திருப்பு எண்ணை) குறைத்தும் பிரயோஜனம் இல்லை.

பிறகு எக்ஸ்எம்பி, அதாவது விளம்பர வேகத்துக்கான எண்களைக் குச்சியிலேயே பதிந்து வைத்திருக்கும் அமைப்பு. புது ரேமைப் போட்டுக் கணினியை இயக்கினால் அது பெட்டியில் போட்ட வேகத்தில் ஓடாது. குச்சியில் இருக்கும் எஸ்பிடி என்ற சின்னச் சில்லில், ரேம் தரங்களை வகுக்கும் ஜெடெக் அமைப்பின்படி பாதுகாப்பான வேகம் ஒன்று பதிந்திருக்கும். மதர்போர்டு அதை எடுத்துக்கொள்ளும். என்னுடையது 2666-இல் எழுந்தது. விளம்பரப்படுத்திய வேகம் வேண்டுமென்றால் பயாஸில் (மதர்போர்டின் அமைப்புத் திரையில்) போய் எக்ஸ்எம்பியை இயக்க வேண்டும். ரைசன் 7000 முதலான டிடிஆர்5 மதர்போர்டுகளில் எக்ஸ்போ என்றும் இருக்கும். பல மாதம் பயன்படுத்திய பிறகும் இதை இயக்காமலேயே வைத்திருப்பவர்கள் நிறைய. உண்மையைச் சொன்னால், இந்த ஒரு சொடுக்கில் கிடைக்கும் லாபம்தான் பெரியது. இதற்கு மேல் நாம் செய்வதெல்லாம் மிச்சமிருக்கும் சில சதவீதத்துக்காக.

எதையும் மாற்றும் முன் அளந்து வைத்துக்கொள்ளுங்கள். நான் எய்டா64 மென்பொருளின் கேஷ்-மெமரி சோதனையை ஐந்து முறை ஓட்டி நடுவில் வரும் எண்ணைக் குறித்துக்கொள்கிறேன். பிரவுசர், பின்னணியில் ஓடும் மென்பொருள்கள் எல்லாவற்றையும் மூடிவிட்டு, கணினி எழுந்து ஐந்து நிமிடம் கழித்துத்தான். கூடவே 7-ஜிப்பில் உள்ள பெஞ்ச்மார்க்கையும் ஓட்டுவேன். அது ரேம் லேட்டன்சியை, அதாவது கேட்ட தரவு வந்துசேர ஆகும் நேரத்தை, நன்றாக உணரும், இலவசமும்கூட. என் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் இருப்பது: 2666-இல் படிக்கும் வேகம் சுமார் 39 ஜிபி, லேட்டன்சி 83 நானோநொடி. எக்ஸ்எம்பி 3200-இல் 47 ஜிபி, 71 நானோநொடி.

5600எக்ஸ் போல ஒரே சிசிடி (கோர்கள் இருக்கும் சில்) உள்ள ரைசன் 3000, 5000 வரிசை வைத்திருப்பவர்கள் கவனிக்க: எழுதும் வேகம் படிக்கும் வேகத்தில் ஏறக்குறைய பாதிதான் காட்டும். ரேமில் கோளாறு என்று நினைக்காதீர்கள். சிசிடியிலிருந்து வெளியே எழுதும் பாதை, ஒரு துடிப்புக்கு 16 பைட் மட்டுமே அகலம். சிபியுவின் உட்பகுதிகளை இணைக்கும் ஃபேப்ரிக் 1800 மெகாஹெர்ட்ஸில் ஓடினால் 28.8 ஜிபிதான் வரம்பு; ரேமை எவ்வளவு விரட்டினாலும் அதைத் தாண்டாது. நான் இதற்காக இரண்டு நாள் குச்சிகளைக் கழற்றி மாற்றி மாற்றிச் செருகிக்கொண்டிருந்தேன்.

எந்த மெமரிச் சில் உள்ளே இருக்கிறது என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது. தாய்ஃபூன் பர்னர் என்ற மென்பொருள் எஸ்பிடியைப் படித்துச் சொல்லும். குச்சியின் வண்ண விளக்குகளை இயக்கும் மென்பொருளை முழுதாக மூடிவிட்டு இதை ஓட்டுங்கள். இரண்டும் ஒரே பாதையில் எஸ்பிடியோடு பேசினால் அதில் உள்ள தகவல் கெட்டுவிடலாம். டிடிஆர்4-இல் சாம்சங் பி-டை என்றால் வோல்டேஜ் ஏற்ற ஏற்ற எல்லா டைமிங்கும் இறங்கும், ஆனால் சூடு தாங்காது. மைக்ரான் ரெவ்-இ என்றால் வேகம் நன்றாக ஏறும், சிஎல்லும் வோல்டேஜுக்குப் பணியும். டிஆர்சிடி (வரிசையைத் திறந்த பிறகு படிக்கும் முன் காத்திருக்கும் டைமிங்) மட்டும் எவ்வளவு வோல்டேஜ் கொடுத்தாலும் அசையாது. எனக்கு வாய்த்தது ரெவ்-இ. இது தெரியாமல் டிஆர்சிடியைக் குறைக்கப் போராடியிருந்தால் ஒரு வாரம் வீணாகியிருக்கும்.

இனி ஆபத்தான பகுதி. ரேம் தவறாக இருக்கும்போது விண்டோஸை எழுப்பினால், அது படிக்கும் கோப்பும் தவறாகும், திரும்ப எழுதும் கோப்பும் தவறாகும். ஆகவே இரண்டு ஏற்பாடுகள். ஒன்று, சோதனைக்கென்று ஒரு பழைய எஸ்எஸ்டியில் தனியாக விண்டோஸ் நிறுவி, உங்கள் டிஸ்க்குகளின் கேபிளைக் கழற்றிவிடுங்கள். இரண்டு, விண்டோஸ் இல்லாமலே ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86-ஐ ஒரு பென்டிரைவில் தயாராக வைத்திருங்கள். ஒவ்வொரு பெரிய மாற்றத்துக்குப் பிறகும் முதலில் பென்டிரைவிலிருந்து எழுப்பி ஒரு சுற்று ஓடட்டும். அதில் தேறினால்தான் விண்டோஸ். பயாஸ் அமைப்புகளை அழிக்கும் இரண்டு ஊசி ஜம்பர் எங்கே இருக்கிறது என்பதையும் முன்கூட்டியே பார்த்து வையுங்கள். மதர்போர்டுகள் பெரும்பாலும் நாலைந்து முறை தடுமாறிவிட்டுத் தானாகவே பழைய வேகத்துக்கு இறங்கும். இறங்காதபோது கிராபிக்ஸ் கார்டுக்கு அடியில் டார்ச் அடித்து ஜம்பரைத் தேடுவது கொடுமை.

வேகத்தை ஏற்றும்போது டைமிங்கைத் தளர்த்திவிடுங்கள். நான் 3600-க்குப் போகும்போது முதலில் முதன்மை டைமிங்குகளான சிஎல், டிஆர்சிடி, டிஆர்பி, டிஆர்ஏஎஸ் நான்கையும் 18-22-22-42 என்று வைத்து, ரேம் வோல்டேஜை 1.35-இலிருந்து 1.38 ஆக்கினேன். டிடிஆர்4-இன் தர அளவு 1.2 வோல்ட், எக்ஸ்எம்பி பெரும்பாலும் 1.35 கேட்கும். தினசரி ஓட்டத்துக்கு 1.40-ஐ நான் தாண்டுவதில்லை. அதற்கு மேல் போகலாம் என்பவர்கள் உண்டு. அவர்கள் குச்சிமேல் விசிறி வைத்திருப்பார்கள்.

எங்கே நிறுத்துவது? ரைசன் 5000-இல் ரேமின் கடிகாரமும் ஃபேப்ரிக் கடிகாரமும் ஒரே வேகத்தில் ஓட வேண்டும். டிடிஆர்4-3600 என்றால் இரண்டும் 1800. நான் ஆசைப்பட்டு 4000 வைத்தபோது கணினி எழுந்துகொண்டது; மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. அளந்தால் அலைவரிசை அசையவில்லை, லேட்டன்சி 72-க்குத் தாவியிருந்தது. என் சிபியுவின் ஃபேப்ரிக் 2000-ஐத் தாங்காததால் அதை 1800-லேயே விட்டிருந்தேன். சிபியுவில் ரேமை இயக்கும் மெமரி கண்ட்ரோலர் பாதி வேகத்துக்கு இறங்கிவிட்டது. எக்ஸ்எம்பி 3200-ஐ விட மோசம். ஓடும் டைமிங்குகளைக் காட்டும் ஜென்டைமிங்ஸைத் திறந்து எம்சிஎல்கே (ரேம்), எஃப்சிஎல்கே (ஃபேப்ரிக்), யுசிஎல்கே (மெமரி கண்ட்ரோலர்) மூன்றும் ஒரே எண்ணைக் காட்டுகின்றனவா என்று பாருங்கள். இன்டெல் 11-ஆம் தலைமுறை முதல் இதே விஷயம் கியர் 1, கியர் 2 என்ற பெயரில் இருக்கிறது. ஃபேப்ரிக் தடுமாறுவதை ரேம் சோதனை எப்போதும் சொல்லாது. விண்டோஸின் ஈவென்ட் வியூவரில் வியா-லாகர் 19 என்ற பதிவு வருகிறதா என்று பார்க்க வேண்டும். வந்தால் ரேமைத் தொடாதீர்கள். ஃபேப்ரிக்கை ஒரு படி இறக்குங்கள்.

வேகம் நிலைத்த பிறகு டைமிங்கை ஒவ்வொன்றாக இறக்குங்கள். ஒரு நேரத்தில் ஒன்று மட்டும். சிஎல்லும் டிஆர்பியும் எனக்கு 16 வரை இறங்கின. டிஆர்சிடி 19-இல் நின்றுவிட்டது. ரைசனில் கியர்டவுன் மோட் என்ற பயாஸ் அமைப்பு இயங்கினால் ஒற்றைப்படை சிஎல்லை மதர்போர்டே அடுத்த இரட்டை எண்ணுக்கு ஏற்றிவிடும். 15 வைத்தும் ஓடுகிறது என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள், உள்ளே 16 ஓடிக்கொண்டிருக்கும். டிஎஃப்ஏடபிள்யூவை (நான்கு வரிசைகளைத் திறக்கும் கால அளவு) டிஆர்ஆர்டி-எஸ்ஸின் (இரண்டு திறப்புகளுக்கு இடைவெளி) நான்கு மடங்குக்குக் கீழே வைப்பதிலும் பொருளில்லை. பயாஸில் எழுதியதை நம்பாமல் ஜென்டைமிங்ஸில் ஓடுவதைப் பாருங்கள்.

டிஆர்எஃப்சி பற்றிக் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், என் படங்களைக் கெடுத்தது அதுதான். ரேமின் ஒவ்வொரு பிட்டும் ஒரு மிகச்சிறிய மின்தேக்கியில் இருக்கும் மின்னேற்றம். அது ஓட்டைக் குடம் மாதிரி, ஒழுகிக்கொண்டே இருக்கும். அதனால் 64 மில்லிநொடிக்குள் எல்லா வரிசைகளையும் ஒருமுறை படித்துத் திரும்ப நிரப்ப வேண்டும். டிடிஆர்4-இல் இதை 8192 தவணையாகப் பிரித்து, சுமார் 7.8 மைக்ரோநொடிக்கு ஒருமுறை செய்கிறார்கள். ஒரு தவணைக்கு ஒதுக்கும் நேரம்தான் டிஆர்எஃப்சி. அந்த நேரத்தில் ரேம் வேறு எந்த வேலைக்கும் வராது. 8 ஜிகாபிட் சில்லுக்கு ஜெடெக் சொல்வது 350 நானோநொடி, 7.8 மைக்ரோநொடியில் இது நான்கரை சதவீதம். இதைக் குறைத்தால் லேட்டன்சி இறங்குவது கண்ணுக்குத் தெரியும். அளவுக்கு மீறிக் குறைத்தால் நிரப்பி முடியும் முன்பே அடுத்த வேலைக்குத் துரத்துகிறோம்.

இதில் சூடு வந்து சேர்கிறது. சில் சூடாகச் சூடாக ஒழுக்கு வேகமாகும். 85 டிகிரியைத் தாண்டினால் இரண்டு மடங்கு அடிக்கடி நிரப்ப வேண்டும் என்பது தரத்திலேயே இருக்கிறது. டைமிங்கை இறுக்கிய ரேம் தடுமாற அவ்வளவு சூடுகூடத் தேவைப்படாது. 3600-இல் என் மதர்போர்டு டிஆர்எஃப்சியைத் தானாக 630 வைத்தது, அதாவது 350 நானோநொடி. நான் 600, 570, 540 என்று இறக்கி 500-இல் நிறுத்தினேன். அது 278 நானோநொடி. விண்டோஸில் ரேமைச் சோதிக்கும் டெஸ்ட்மெம்5 ஒரு மணி நேரம் ஓடிப் பிழையில்லை என்றது. அப்போது கிராபிக்ஸ் கார்டு சும்மா இருந்தது. நான் படங்களைச் சுருக்கிய அன்று, பக்கத்திலேயே வீடியோ ரெண்டரும் ஓடிக்கொண்டிருந்தது.

என் குச்சிகளில் வெப்ப உணரி இல்லை. அதனால் மல்டிமீட்டரோடு வந்த தெர்மோகப்பிள் ஒயரை, சூடு தாங்கும் டேப்பால் ஹீட் ஸ்ப்ரெடரில் ஒட்டினேன். ரேம் சோதனை மட்டும் ஓடும்போது 41 டிகிரி. கிராபிக்ஸ் கார்டைச் சூடாக்கும் ஃபர்மார்க்கில் கார்டையும் சேர்த்து ஓட்டியதும் எண் ஏறத் தொடங்கியது. 46, 49, 52. கார்டின் சூடான காற்று நேராகக் குச்சிகள்மேல் வீசிக்கொண்டிருந்தது. கையை வைத்தாலே தெரிந்தது. 47-ஆவது நிமிடத்தில், மீட்டர் 54 காட்டும்போது, டெஸ்ட்மெம்5-இல் முதல் சிவப்பு வரி. மூன்று நிமிடத்தில் இன்னும் இரண்டு. ஃபர்மார்க்கை நிறுத்தி, பெட்டியின் பக்கக் கதவைத் திறந்துவிட்டு மறுபடி ஓட்டினேன்: இரண்டு மணி நேரம், ஒரு பிழையும் இல்லை. டிஆர்எஃப்சியை 560 ஆக்கி, கதவை மூடி, கார்டையும் ஓட்டினேன். 55 டிகிரியிலும் சுத்தம். 500-க்கும் 560-க்கும் லேட்டன்சியில் எனக்குக் கிடைத்த வித்தியாசம் ஒரு நானோநொடிகூட இல்லை. அதற்காகவா படங்களைப் பணயம் வைத்தேன் என்று இன்றும் மனசு உறுத்துகிறது.

ஆகவே சோதனை என்று நான் சொல்வது இப்போது இதுதான். முதலில் மெம்டெஸ்ட்86 ஒரு சுற்று. இது கெட்டுப்போன குச்சியை நன்றாகக் கண்டுபிடிக்கும். ஓவர்கிளாக்கின் நுட்பமான தடுமாற்றத்தைப் பல சமயம் தவறவிடும். பிறகு டெஸ்ட்மெம்5, எக்ஸ்ட்ரீம் அமைப்புக் கோப்போடு, அட்மினிஸ்ட்ரேட்டராக இயக்கி, மூன்று சுற்றும் முழுதாக. பிறகு ஒய்-க்ரஞ்சர் ஒரு மணி நேரம். பை எண்ணின் இலக்கங்களைக் கணக்கிடும் மென்பொருள் அது. ரேமோடு மெமரி கண்ட்ரோலரையும் சேர்த்துப் பிழிந்துவிடும், டெஸ்ட்மெம்5 தேற்றியதை அது தோற்கடித்து நான் பார்த்திருக்கிறேன். கடைசியாக, கிராபிக்ஸ் கார்டைச் சூடாக்கிக்கொண்டே டெஸ்ட்மெம்5 இன்னொரு முறை. லினக்ஸ் வைத்திருப்பவர்கள் ஸ்ட்ரெஸ்ஆப்டெஸ்டை இரவு முழுதும் ஓடவிடலாம்.

எத்தனை பிழை வரை பரவாயில்லை என்று கேட்பவர்கள் உண்டு. ஒன்றுகூடக் கூடாது. எட்டு மணி நேரத்தில் ஒரே ஒரு பிழை என்றாலும் அந்த அமைப்பு தோற்றது.

பிழை எப்போது வருகிறது என்பதிலும் தகவல் இருக்கிறது. தொடங்கிய சில நொடியிலேயே கொட்டினால் பெரும்பாலும் முதன்மை டைமிங் அல்லது வோல்டேஜ். கடைசியாக மாற்றியதைத் திருப்பி வைத்தால் சரியாகும். அரை மணிக்கு மேல் ஓடி ஒன்றிரண்டு வந்தால் நான் முதலில் சந்தேகப்படுவது சூட்டையும் டிஆர்எஃப்சியையும். ஒவ்வொரு முறை எழுப்பும்போதும் முடிவு மாறினால், ஒரு நாள் சுத்தம், மறுநாள் பிழை என்றால், மதர்போர்டு எழும்போது ரேமோடு பேசும் சமிக்ஞைகளைச் சீரமைக்கும் மெமரி ட்ரெய்னிங் சரியாக அமையவில்லை. இதனால்தான் கடைசிச் சோதனையை, மின்சாரத்தை முழுதாக நிறுத்திக் கணினியை ஆறவிட்டு எழுப்பிய பிறகு செய்கிறேன்.

டிடிஆர்5 வைத்திருப்பவர்களுக்குச் சுருக்கமாக. முதல் முறை எழும்போது ட்ரெய்னிங்கில் சில நிமிடம் திரை இருட்டாகவே இருக்கும். செத்துவிட்டது என்று நினைத்துப் பொத்தானை அழுத்திவிடாதீர்கள். சில்லுக்குள்ளேயே பிழைதிருத்தம் இருப்பதால் சிறு பிழைகள் மறைந்துகொள்ளும். அதனால் சோதனை நேரத்தைக் கூட்டுங்கள், குறைக்காதீர்கள். வோல்டேஜைச் சீராக்கும் சில்லும் குச்சியிலேயே இருப்பதால் சூடு அதிகம், ஆனால் வெப்ப உணரி உள்ளேயே இருக்கிறது, ஹெச்டபிள்யூஇன்ஃபோவில் எண் தெரியும். ரைசன் 7000 என்றால் எஸ்ஓசி வோல்டேஜ் (மெமரி கண்ட்ரோலர் இருக்கும் பகுதிக்கானது) 1.3-ஐத் தாண்டவே கூடாது. நான்கு குச்சி போட்டுவிட்டு இரண்டு குச்சியின் வேகத்தை எதிர்பார்க்காதீர்கள், கண்ட்ரோலருக்கு அது பெரும் பாரம்.

இவ்வளவும் செய்து எனக்கு மிஞ்சியது: 3600, 16-19-16-36, டிஆர்எஃப்சி 560, 1.38 வோல்ட். படிக்கும் வேகம் 53 ஜிபி, லேட்டன்சி 61 நானோநொடி. 7-ஜிப் சுருக்கத்தில் எக்ஸ்எம்பியை விட முன்னேற்றம் தெளிவாகத் தெரிகிறது. கிராபிக்ஸ் கார்டை முழுசாக விழுங்கும் விளையாட்டுகளில் தெரியவில்லை. சிபியு திணறும் விளையாட்டுகளில், காட்சி திடீரென்று தடுக்கும் இடங்கள் குறைந்திருக்கின்றன.

எல்லாம் தேறிய பிறகு பயாஸில் ஒரு ப்ரொஃபைலாகச் சேமியுங்கள். அதோடு நிற்காமல் ஒவ்வொரு திரையையும் கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள், பயாஸைப் புதுப்பித்தால் சேமித்த ப்ரொஃபைல்கள் பெரும்பாலும் அழிந்துவிடும். புதுப்பித்த பிறகு அதே எண்களைத் திரும்ப இட்டாலும் சோதனையை முதலிலிருந்து ஓட்டுங்கள். நாம் தொடாமல் தானியங்கியாக விட்ட டைமிங்குகளைப் புதிய பயாஸ் வேறு மாதிரி வைக்கலாம். கோடை தொடங்கும்போதும், புது கிராபிக்ஸ் கார்டு போட்ட அன்றும், அந்தக் கடைசிச் சூட்டுச் சோதனையை மட்டுமாவது மறுபடி ஓட்டிவிடுகிறேன். அது முடிந்து ஒரு பெரிய தொகுப்பைச் சுருக்கிச் சரிபார்த்த பிறகுதான் டிஸ்க்குகளின் கேபிளைத் திரும்பச் செருகுவேன்.